முகம் தெரியும் தரை

சமுதாயக்கூடத்துத் தரையில் முகம் தெரிய வேண்டும் என்று தலைவர் ஆசைப்பட்டார். யார் முகம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே தெரிகிற விஷயங்களில் அதுவும் ஒன்று.

பழைய கூடத்தின் சிமெண்ட் தரை பொரிந்துபோய், நாற்காலியை இழுத்தால் மாவு மாவாக உதிர்ந்துகொண்டிருந்தது. டைல்ஸ் போடுவது என்று நகரமன்றம் முடிவு செய்தது. இஞ்சினியர் இரண்டு மாதிரிகளைக் கொண்டுவந்து தலைவரின் மேசைமேல் வைத்தார். ஒன்று தரைக்கு, சாம்பல் நிறம், மேலே மணல் தூவியதுபோல் சொரசொரப்பு. மற்றது மேடைக்குப் பின்னால் வரும் சுவருக்கு; பால் வெள்ளை, கண்ணாடி மாதிரி மெருகு. தலைவர் சொரசொரப்பின் மேல் குனிந்தார். ஒன்றும் தெரியவில்லை. மெருகின் மேல் குனிந்தார். சாயம் போட்ட மீசை தெரிந்தது. தலையை இடப்பக்கம் சாய்த்தார். உள்ளே இருந்தவரும் சாய்த்தார். சொரசொரப்பின் கதை அதோடு முடிந்தது.

"இதத் தரைக்குப் போடுங்க" என்றார்.

"ஐயா, அது சுவருக்குன்னு..."

"சுவர யாருய்யா பாக்கப்போறா? மேடையில நான் நிக்கறப்போ எனக்குப் பின்னாடி இருக்கறத எவன் பாப்பான்?"

"ஜனங்க நடமாடற எடங்கய்யா. கொஞ்சம் ஈரம் கீரம் பட்டுச்சுன்னா..."

"ஏர்போர்ட்டு போயிருக்கீங்களா நீங்க?"

"இல்லீங்கய்யா."

"நான் போயிருக்கேன். தரை எப்படி மின்னுது தெரியுமா? அங்க என்ன, போறவன் வர்றவனெல்லாம் விழுந்தா கெடக்கான்? இந்த ஊர்ல எல்லாமே சொரசொரன்னு இருக்கு. ஒண்ணாவது வழவழன்னு இருக்கட்டுமே."

இஞ்சினியர் ஓய்வு பெறும் நாள் கூப்பிடு தூரத்தில் இருந்தது. இத்தனை வருஷம் காத்துவைத்த முதுகெலும்பை இந்த நேரத்தில் எடுத்துச் செலவழிக்க அவருக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்ற டைல்ஸ் கொத்தனாரைப் பார்த்து, "என்னப்பா, நீ என்ன சொல்ற? வழுக்காதா?" என்றார். தான் சொல்ல வேண்டியதை அவன் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும் என்ற நினைப்பு.

கொத்தனார் நெஞ்சை நிமிர்த்தினான். "என் கை பட்ட தரை வழுக்காதுங்கய்யா. மட்டம் ஒரு நூல் கூடத் தப்பாது."

கேட்டதற்கும் சொன்னதற்கும் ஏதாவது சம்பந்தம் இருந்ததா என்று அங்கே யாரும் யோசிக்கவில்லை. தலைவர் மட்டும், "ஆள்னா இப்படி இருக்கணும்" என்றார்.

டீக் கிளாஸ்களைப் பொறுக்க உள்ளே வந்திருந்த ஈரக்கா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். அந்தக் கொத்தனார் அவளுடைய புருஷன்.

ஈரக்கா என்பது அவள் வீட்டில் வைத்த பெயர் இல்லை. நகரமன்ற அலுவலகத்தில் துடைக்கிற வேலை அவளுக்கு. மாப்பைப் பிழிந்து தரையில் வைத்ததும், "ஈரம், ஈரம், பாத்து வாங்க" என்று குரல் கொடுப்பாள். வருகிறவர் குமாஸ்தாவா, கமிஷனரா என்றெல்லாம் பார்ப்பதில்லை. முதலில் எரிச்சல்பட்டார்கள், அப்புறம் பழகிவிட்டார்கள், அப்புறம் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். அவள் புருஷனுக்கும் ஊரில் பெயர் உண்டு. ரசமட்டம். மட்டம் பார்க்கிற பலகையின் குமிழி கண்ணாடிக்குள் நடு இடத்தில் வந்து உட்காரும்வரை தரையை விட்டு எழுந்திருக்க மாட்டான். மேசை ஆடினால் ஹோட்டலில் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிடுவான் என்று சொல்வார்கள். அது பாதிதான் உண்மை, எழுந்துபோய் மேசைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து குடிப்பான்.

ஈரக்கா அந்த அலுவலகத்தில் தற்காலிகம். வேலைக்குச் சேர்ந்தபோது கூந்தல் கறுப்பாக இருந்தது, தற்காலிகமாகவே நரைத்துவிட்டது. அன்றைக்குத் தலைவர் நல்ல குஷியில் இருந்தார். கிளாஸைக் கொடுக்கும்போது, "ஏம்மா, நீ இன்னும் டெம்ப்ரவரியா?" என்று கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"கூடம் தெறக்கறன்னைக்கு உனக்குப் பெர்மனென்ட். அந்தக் கூடமே இனி உன் பொறுப்பு. ஆர்டர மேடையிலயே வச்சுக் குடுக்கறேன். புருஷன் போட்ட தரை, பொண்டாட்டி தொடைக்கறா. பேப்பர்ல போட்டா நல்லா இருக்குமில்ல?"

நல்லாத்தான் இருக்கும் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு ஈரக்கா வீடுவரை நடந்தது அவளுக்கே தெரியவில்லை.

வேலை தொடங்கியது. ரசமட்டத்தைப் பற்றி என்ன சொன்னாலும் அவன் வேலையைக் குறை சொல்ல முடியாது. கலவையைக் கொட்டி, பல் வைத்த கரணையால் வரிவரியாகச் சீவி, டைலை இரண்டு கையாலும் தூக்கிக் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்துவான். ரப்பர் சுத்தியலால் நாலு மூலையிலும் தட்டுவான். தட்டும்போது காதைச் சாய்த்துக் கேட்பான். அடியில் பொள்ளல் இருந்தால் சத்தம் காட்டிக்கொடுத்துவிடும். பிறகு மட்டப் பலகையை வைத்துக் குமிழியைப் பார்ப்பான். முட்டி இரண்டும் காய்த்துப்போய் ஒட்டகத்துக்கு இருப்பதுபோல் ஆகிவிட்டிருந்தன. மத்தியானம் ஈரக்கா தூக்கில் சோறு கொண்டுவருவாள். போட்டு முடித்த இடத்தை ஓரமாக நின்று பார்ப்பாள். ஜன்னல், வானம், மின்விசிறி எல்லாம் தலைகீழாகத் தரைக்குள் இருந்தன. அவளும் இருந்தாள். பிடித்திருந்தது, அதை மறைப்பானேன்.

ஆனால் துடைக்கிறவளுக்குத் துடைக்கிற புத்திதான் வரும்.

"என்னங்க, தொடைக்கிற தண்ணி எந்தப் பக்கமாப் போகும்?"

"எந்தப் பக்கமும் போகாது."

"போகாதுன்னா?"

"நின்ன எடத்துலயே நிக்கும். அதான் வேலை. ஒரு கோலிக்குண்ட நடுவுல வச்சுப் பாரு. நாளைக்கு வந்தாலும் அங்கயேதான் இருக்கும்."

"வாசப் பக்கமாக் கொஞ்சம் வாட்டம் விட்டிருந்தா தள்ளிவிடச் சுலபமா இருக்குமில்ல."

"வாட்டம் விடறதுக்கு இதென்ன மாட்டுக்கொட்டாயா? குமிழி நகந்துச்சுன்னா ஊர்ல என்ன சொல்லுவான் தெரியுமா? ரசமட்டத்துக்குக் கண்ணு போயிருச்சும்பான்."

"தண்ணி நின்னா வழுக்குமேங்க."

"பாத்து நடக்கணும். கண்ணு எதுக்கு இருக்கு?" என்று சோற்றைப் பிசைந்தான். "நீதான் பெர்மனென்ட் ஆகப்போறியே, நல்லாப் புழிஞ்சு தொடை."

வரைபடத்தை நம்பி முன்பே வாங்கி இறக்கியிருந்த சொரசொரப்பு டைலை என்ன செய்வது என்று ஒரு கேள்வி வந்தது. திருப்பி அனுப்பினால் தப்பு நடந்ததாக ஆகிவிடும். அதனால் மேடைச் சுவரில் ஒட்டச் சொன்னார்கள். கால் வைக்க வேண்டியது சுவரில் ஏறியது, சுவருக்கு உள்ளது காலடியில் கிடந்தது. சுவர் காய்ந்த மறுநாள் வாட்ச்மேன் அசதியில் அதில் சாய்ந்தார். எழுந்தபோது சட்டையின் முதுகு நூல் நூலாகப் பிரிந்திருந்தது.

"ஈரக்கா, இந்தச் சுவத்துல யாராச்சும் நடந்தா கண்டிப்பா வழுக்காது" என்றார் அவர். "பல்லியெல்லாம் சந்தோஷமா இருக்கும்."

வெட்டு மிச்சம் கொத்தனாருக்கு என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். ரசமட்டம் இரண்டு வகை மிச்சத்தையும் தள்ளுவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தான். ஊரெல்லாம் தரை போட்டவன் வீட்டில் இதுவரை இருந்தது வெடித்த சிமெண்ட்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, முன்னறை முழுக்க மெருகு வெள்ளையை ஒட்டினான். பின்னால் துவைக்கிற, குளிக்கிற இடத்துக்குச் சொரசொரப்பு. அங்கே மட்டும் மட்டப் பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, சாக்கடைப் பக்கமாகக் கையாலேயே அளந்து சரிவு கொடுத்தான். ஈரக்கா அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்போது கேட்கிற மாதிரி ஒன்றும் நடந்திருக்கவில்லை.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் வந்து முன்னறையில் கால் வைத்ததும் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன அண்ணி, குளத்துல நடக்கற மாதிரி இருக்கு. எங்கண்ணன் உங்களுக்கு மாளிகையே கட்டிட்டாரு."

"ஈரம் ஈரம், பாத்து வா. இப்பத்தான் தொடச்சேன்."

"ஆபீஸ்லதான் கத்தறீங்கன்னா வீட்லயுமா?"

"விழுந்தா நீ சும்மாவா இருப்ப? உங்கண்ணன்கிட்ட என்னைப் பத்தி வேற மாதிரி சொல்லுவ."

"சும்மா இருந்தாலும் சொல்லுவேன் அண்ணி. அதுக்கு எதுக்கு விழணும்?" என்று சிரித்துக்கொண்டே சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே வந்தாள்.

திறப்பு விழா அன்று வானம் விடியும்போதே மூடிக்கிடந்தது. கொடியில் போட்ட துணி கொடியிலேயே நாறுகிற நாள். ஈரக்கா விடிய எழுந்து, நல்ல புடவை கட்டி, அதன்மேல் அலுவலக நீல அங்கியைப் போட்டுக்கொண்டு போனாள். கூடத்தை ஒருமுறை கூட்டி, ஒருமுறை துடைத்து, காய்ந்த துணியால் இழுத்தும் விட்டிருந்தாள். அப்போது சூப்பர்வைசர் வந்தான். கையில் ஊதா நிற வாசனைத் திரவம், பெரிய கேன்.

"இத ஊத்தி இன்னொரு வாட்டி போடு."

"இப்பத்தான் சார் காய விட்டிருக்கேன். இன்னைக்கு இருக்கற காத்துல மறுபடி போட்டா காயாது."

"அதெல்லாம் காயும். வாசம் வாசல் வரைக்கும் வரணும்னு மேல சொல்லியிருக்காங்க. கஞ்சத்தனம் பண்ணாத, நல்லா ஊத்து."

ஊற்றினாள். சோப்பு மாதிரி நுரைத்தது. மாப்பை எத்தனை முறை பிழிந்தாலும் தரையில் ஒரு படலம் நின்றது. தள்ளிவிடலாம் என்றால் எந்தப் பக்கம் தள்ளுவது? தள்ளிய தண்ணீர் கொஞ்ச தூரம் போய், யோசித்து, அங்கேயே தங்கிவிட்டது. குமிழி நகராத தரை.

"சார், நான் வாசல்ல நின்னு ஈரம்னு சொல்லிடறேன்" என்றாள்.

"தாயே, அந்த வேலை மட்டும் வேணாம். தலைவர் உள்ள வர்றப்போ மீன் விக்கற மாதிரி கத்தி மானத்த வாங்கிடாத. தூணுக்குப் பின்னாடி போயி நில்லு. உன் பேரக் கூப்பிட்டா மேடைக்கு வா. அதுவரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது."

அவள் தூணுக்குப் பின்னால் நின்றாள். அங்கிருந்தே மேடை மேசைமேல் இருந்த உறை தெரிந்தது. அதற்குள்தான் அவளுடைய நிரந்தரம் இருந்தது.

ரிப்பன் வெட்டிக் கைதட்டல் முடிந்ததும் தலைவர் உள்ளே வந்தார். புது ஷூ, தோல் அடி. பின்னால் இஞ்சினியர், அவருக்குப் பின்னால் சூப்பர்வைசர், அப்புறம் மன்ற உறுப்பினர்கள் வயதுப்படி இல்லாமல் வசதிப்படி. நேராகப் பார்த்து நடந்திருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். அவர் தரையைப் பார்த்து நடந்தார். தரைக்குள் இன்னொரு தலைவர் அவரோடு கூடவே, தலைகீழாக, அதே மிடுக்கோடு வந்துகொண்டிருந்தார். அவரைப் பார்த்து இவர் லேசாகப் புன்னகைத்தார்.

தூணுக்குப் பின்னால் ஈரக்காவின் தொண்டையில் அந்தச் சொல் வந்து முட்டிக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்து விழுங்கினாள்.

முதலில் வலது கால் முன்னால் போனது, போனது நிற்கவில்லை. தலைவர் கையை வீசி இஞ்சினியரின் டையைப் பிடித்தார். இஞ்சினியர் முப்பது வருஷப் பணியில் முதல்முறையாக ஒன்றை உறுதியாகப் பற்றினார், அது சூப்பர்வைசரின் இடுப்பு பெல்ட். மூன்று பேரும் ஒரே கோப்பில் கட்டியதுபோல் சேர்ந்து விழுந்து, சேர்ந்து வழுக்கி, மேடைப் படிவரை போய் நின்றார்கள்.

விழுங்கிவைத்த சொல் அப்போதுதான் வெளியே வந்தது.

"ஈரம்" என்றாள் ஈரக்கா.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. உறைத்ததும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்தினாள், விரலிடுக்கில் பீறிட்டது. தரையும் சுவரும் டைல்ஸாக இருக்கிற கூடத்தில் ஒரு தும்மல்கூட ஊர்வலம் போகும். அவளுடைய சிரிப்பு மேடையில் மோதி, கூரைக்கு ஏறி, திரும்பி வந்து, படுத்துக்கிடந்த தலைவரின் காதில் இறங்கியது.

தலைவருக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல் விட்டிருந்தது. உறையை யாரோ எடுத்துக்கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று சாயங்காலமே நாத்தனார் வந்தாள். ரசமட்டம் இன்னும் வரவில்லை.

"சிரிச்சீங்களாமே அண்ணி?"

"ஆமா."

"எல்லாருமே சிரிச்சாங்களா, நீங்க மட்டுமா?"

"நான் மட்டும்தான் வெளிய சிரிச்சேன்."

"அடக்கியிருக்கக்கூடாதா? புருஷன் போட்ட தரையில தலைவர் விழுந்து கெடக்கறாரு. அழலன்னாலும் பரவால்ல, மூஞ்சிய வேற பக்கம் திருப்பியிருக்கலாம்."

"திருப்பினேன். அங்க தரையிலயும் அவருதான் தெரிஞ்சாரு."

நாத்தனாருக்கும் சிரிப்பு வந்தது. உடனே அண்ணன் ஞாபகம் வந்து முகத்தைச் சரிசெய்துகொண்டாள். "விசாரணை வப்பாங்களாம். தரையில குத்தமா, தண்ணியில குத்தமான்னு. அண்ணனக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம்."

"கேக்கட்டும். அவரு போட்டவரு. அவருக்குத் தெரியாததா?" என்றாள் ஈரக்கா. அப்படிச் சொன்னபோது அவளுக்குக் கொஞ்சம் தெம்பாகக்கூட இருந்தது.

ரசமட்டம் இருட்டத் தொடங்கும்போது வந்தான். கை கழுவினான். தட்டில் சோறும் பொரித்த முட்டையும் வைத்தாள். சாப்பிடாமல் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான்.

"இஞ்சினியர் கூப்பிட்டிருந்தாரு."

"என்னவாம்?"

"ஆஸ்பத்திரிக்கு டைல்ஸ் மாத்தறாங்களாம். வராந்தா, வார்டு, பிரசவ வார்டு எல்லாம். பெரிய வேலை. எனக்குத்தான்னு தலைவரே சொல்லிட்டாராம்."

"நல்ல விஷயம்தானே. அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

"விசாரணையில தரை சரியில்லன்னு வந்துச்சுன்னா அந்த வேலை எனக்கு எப்படி வரும்?"

அவள் குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "தண்ணி சரியில்லன்னு வந்துச்சுன்னா?"

"நீ கொஞ்சம் யோசிச்சுப் பாரு. எப்படியும் உன்ன அவங்க வச்சுக்கப் போறதில்ல. தண்ணிக்காக இல்ல, சிரிச்சதுக்காக. போற வேலை போகத்தான் போகுது. வீட்டுல ரெண்டு பேர் வேலையும் சேந்து போகணுமா?"

"அத அவங்க முடிவு பண்ணட்டும். நீங்க உண்மையச் சொல்லுங்க."

"எது உண்மை? தண்ணி இல்லன்னா விழுந்திருப்பாரா? அதுவும் உண்மைதானே."

"வாட்டம் விடுங்கன்னு சொன்னேனே, அது?"

"அதையெல்லாம் அங்க போயி ஆரம்பிக்காத." அவன் குரல் தாழ்ந்தது. "இத பாரு, நான் உன்னச் சொல்லப்போறதில்ல. தண்ணின்னுதான் சொல்லுவேன். தண்ணிக்குப் பேரா ஊரா?"

அவன் ஒரு வாய் வைத்தான். பசி இருந்திருக்கும், பிறகு முழுக்கச் சாப்பிட்டான்.

விசாரணை தலைவர் அறையில் நடந்தது. விழுந்தவரே விசாரிப்பதில் ஒரு வசதி உண்டு, சம்பவத்தை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கட்டுப் போட்ட கையை ஒரு தலையணைமேல் வைத்திருந்தார். சூப்பர்வைசர், தான் அந்த ஊதாத் திரவத்தை வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்றான். அவன் சட்டையிலிருந்து அந்த வாசம் இன்னும் போகவில்லை. இஞ்சினியர், வரைபடத்தில் எல்லாம் முறைப்படி இருப்பதாகச் சொன்னார். அந்த வரைபடத்தில் சொரசொரப்பு தரையில் இருந்தது. அதை விரித்துப் பார்க்க யாரும் கேட்கவில்லை, அவரும் விரிக்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் விஷயம் தெரியும். எல்லோருக்கும் தெரிந்ததால்தான் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கொத்தனாரே, தரையில ஏதாவது குறை உண்டா?"

"இல்லீங்கய்யா. ஒரு நூல் பிசகு கெடையாது. மட்டம் வச்சுப் பாக்கலாம்."

"அப்ப எப்படி?"

ரசமட்டம் காலடியைப் பார்த்தான். அந்த அறையின் தரை பழைய சிமெண்ட். அதில் யார் முகமும் தெரியவில்லை. "தண்ணி ஜாஸ்திங்கய்யா."

"தண்ணி தானா வந்துச்சா?"

"இல்லீங்க."

"பின்ன?"

"தொடைக்கறவங்க... தொடைக்கறவங்க ஊத்தியிருப்பாங்க."

சுவரோரம் நின்றிருந்த ஈரக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவன் அவளை ஏய் என்றிருக்கிறான், இவளே என்றிருக்கிறான், நல்ல மனநிலையில் இருந்தால் புள்ள என்றிருக்கிறான். அவங்க என்று மரியாதை கொடுத்தது இதுதான் முதல் தடவை.

"ஏம்மா, நீ சிரிச்சியா?" என்று தலைவர் கேட்டார். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவர் நேராக உட்கார்ந்து கேட்டார்.

"சிரிச்சேங்கய்யா."

"எதுக்கு?"

"வந்துருச்சுங்கய்யா."

அவ்வளவுதான். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் வராந்தாவில் வைத்துச் சொன்னான். நீல அங்கியைக் கழற்றி அவனிடமே கொடுத்தாள். துவைத்துத் தரச் சொன்னான். துவைத்து, மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கூடத்துக்குப் புதிதாக ஒரு உத்தரவு போட்டார்கள். தரையில் இனி தண்ணீர் படக்கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் கூட்டினால் போதும். வாசலிலிருந்து மேடைவரை, அப்புறம் நாற்காலிகளுக்கு அடியில், அப்புறம் மிச்சமிருந்த இடத்திலும் தடித்த பச்சை விரிப்புப் போட்டு மூடினார்கள். தலைவரின் எலும்பு கூடியதும் கூடத்துக்கு இன்னொரு திறப்பு விழா நடந்தது. ரசமட்டத்துக்குச் சிறந்த கைவினைஞர் என்று கேடயம். பொண்டாட்டி வராவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று அவன் கெஞ்சியதால், ஈரக்கா கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

"பெருமக்களே," என்றார் தலைவர், விரிப்பின்மேல் காலை ஊன்றி ஊன்றி வைத்து மைக்குக்கு வந்து, "இந்தத் தரையைப் பாருங்கள். இதில் உங்கள் முகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்."

எல்லோரும் குனிந்து பச்சை விரிப்பைப் பார்த்துக் கைதட்டினார்கள். வாட்ச்மேன் ஈரக்காவுக்குப் பின்னால் வந்து நின்றார். சட்டையின் முதுகில் பெரிய ஒட்டு.

"அழுக்கா இருக்கற வரைக்கும் இந்தக் கூடத்துல பயமில்ல ஈரக்கா. நீ வந்து தொடச்சாத்தான் ஆபத்து."

"கேடயத்த எங்க வச்சுக் குடுக்கறாங்க பாருங்கண்ணே" என்றாள் அவள்.

மேடையில் தலைவரும் ரசமட்டமும் சொரசொரப்புச் சுவருக்கு முன்னால் நின்றிருந்தார்கள். போட்டோக்காரர் இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஆஸ்பத்திரி வேலை தொடங்கியது. ரசமட்டம் விடியலிலேயே எழுந்து பின்பக்கம் பல் விளக்கிக்கொண்டிருந்தான். மழை தூறி ஓய்ந்திருந்தது. ஈரக்கா ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து அவன் காலைச் சுற்றிக் கொட்டினாள்.

"ஏய், என்ன பண்ற?"

"நடங்க."

"எங்க நடக்க?"

"சும்மா அந்தச் செவுரு வரைக்கும் போய்ட்டு வாங்க."

பைத்தியமா என்பதுபோல் பார்த்துவிட்டு நடந்தான். திரும்பி வந்தான். தண்ணீர் அவனுக்கு முன்பே சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

"வழுக்கலையா?"

"இது எப்படி வழுக்கும்? இது வேற டைலு..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். பிரஷை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான்.

"வாட்டமும் விட்டிருக்கீங்க."

"குளிக்கற எடத்துக்கு விடாம?"

"அதத்தான் நானும் சொல்றேன். ஆஸ்பத்திரிக்கு எந்த டைலு?"

"வெள்ளைதான். அதே மெருகு." வாயைக் கொப்பளித்துத் துப்பினான். "ஆஸ்பத்திரின்னா பளிச்சுன்னு இருக்கணுமாம். தலைவர் விருப்பம்."

"பிரசவ வார்டுக்கும்?"

"எல்லாத்துக்கும்தான்."

"அங்க யாரு தொடைக்கறா?"

"எனக்கென்ன தெரியும்? யாரோ ஒருத்தி."

"அவ புருஷன் டைல்ஸ் வேலை பாக்காதவனா இருக்கணும்" என்றாள் ஈரக்கா.

அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான். முகம் ஈரமில்லாமல் போன பிறகும் துடைத்தான். சட்டையைப் போட்டான். டீயை நின்றுகொண்டே குடித்தான். கரணை, சுத்தியல், நூல் உருண்டை எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக் கட்டி, வண்டியை உதைத்துக் கிளம்பிப் போனான். வழக்கமாகச் சொல்லும் வர்றேன் இன்று இல்லை.

அலமாரித் தட்டில் கேடயம் இருந்தது. அதன் நடுவில் தங்க நிறத்தில் ஒரு சமுதாயக்கூடம். ஈரக்கா அதை நகர்த்தி, அடியில் இருந்த தூசியைத் துடைத்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அலுவலகம் போகிற நேரம். போக இடமில்லை. கை சும்மா இருக்க மாட்டேனென்றது. வாளியில் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் சோப்பும் கரைத்து, முன்னறையை வாசலிலிருந்து தொடங்கினாள். வெள்ளைத் தரையில் ஜன்னல் தெரிந்தது, அலமாரி தெரிந்தது, கேடயம் தலைகீழாகத் தெரிந்தது. தண்ணீர் எந்தப் பக்கமும் போகாமல் அவள் விட்ட இடத்தில் நின்றது. முன்னறையிலும் மட்டம் ஒரு நூல் தப்பாது.

பின்னாலேயே நகர்ந்து உள் நிலைப்படிவரை துடைத்துக்கொண்டு வந்து, அங்கே குந்தினாள். அப்போது தெருவில் வண்டி வந்து நின்றது.

"ஏய், மட்டப் பலகைய மறந்துட்டேன்" என்று கத்திக்கொண்டே வந்தான் ரசமட்டம். "அலமாரிக்கு மேல இருக்கு. நீ எழுந்திரிக்காத, நானே எடுத்துக்கறேன்."

செருப்பை உதறுகிற சத்தம் கேட்டது. அவசரமாக வருகிற காலடி. தரையில் ஈரக்காவின் முகம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தச் சொல் பழக்கத்தில் நாக்கின் நுனிவரைக்கும் வந்தது.

அதை அங்கேயே நிறுத்தி, அவள் துணியைப் பிழியத் தொடங்கினாள்.